எட்டுக்கு நாலு பலகையும் இரண்டு நாட்டுக் கணக்கும்

"அமெரிக்காக்காரனுக்கு நல்ல சரக்கு போகுது அண்ணா. நமக்கு வர்றது மிச்சம் மீதிதான்." இப்படிச் சொன்னவர் எங்கள் பார்ட்டி, அதாவது வாடிக்கையாளர், ஒருவரின் மகன். அப்பா பிளைவுட் வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். மகன் எம்.பி.ஏ. முடித்துவிட்டு அப்போதுதான் கடையில் உட்கார ஆரம்பித்திருந்தார். லேப்டாப்பைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினார். வியட்நாமிலிருந்து அமெரிக்கா இறக்கும் பிளைவுட் ஒரு தூண், அதே வியட்நாமிலிருந்து இந்தியா இறக்கும் பிளைவுட் இன்னொரு தூண். வருஷத்தின் மொத்த இறக்குமதி மதிப்பை மொத்தக் கனமீட்டரால் வகுத்து, கனமீட்டருக்கு இத்தனை டாலர் என்று போட்டிருந்தார். அமெரிக்கத் தூண் நம்முடையதைவிட நன்றாகவே உயரம். இரண்டும் அரசாங்கம் வெளியிட்ட எண்கள்தான், வகுத்தலிலும் பிழை இல்லை. இந்தப் படத்தை வைத்துக்கொண்டு வியட்நாமின் ஹைபோங் துறைமுக நகரில் இருக்கும் சப்ளையரிடம் ஒரு பிடி பிடிக்கப் போவதாகச் சொன்னார்.

அந்தப் பேச்சு அன்றோடு போயிருக்க வேண்டியது. எனக்குப் போகவில்லை. நான் பிழைப்பதே அந்த எண்கள் பிறக்கிற இடத்தில். சென்னை பாரிமுனையில், பார்ட்டிகளுக்காகச் சுங்க வேலையை முடித்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதி விவரப் படிவம், போடுவது என் வேலை. நாங்கள் தட்டுகிற ஒவ்வொரு பில்லும் சுங்கத்துறைக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அங்கிருந்து நாட்டின் வணிகப் புள்ளிவிவரத்தைத் தொகுக்கும், கொல்கத்தாவில் இருக்கும் டி.ஜி.சி.ஐ.எஸ். அலுவலகத்துக்குப் போய், மற்றத் துறைமுகங்களின் கணக்கோடு கூட்டப்பட்டு, 'இந்தியாவின் பிளைவுட் இறக்குமதி' என்ற ஒற்றை எண்ணாக வெளியே வருகிறது. பத்திரிகையில் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குள் எங்கள் அலுவலக அவசரங்களும் கொஞ்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். தம்பி அதை எடுத்து அமெரிக்க எண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்தியதும், இரண்டும் ஒரே மாதிரிதான் பிறந்தவையா என்ற கேள்வி பிடித்துக்கொண்டது.

ஒரே பெட்டி, மூன்று மதிப்பு

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இதில் வரும் விலைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, விதிகள் மட்டும் நிஜம். ஹைபோங்கிலிருந்து ஒரு நாற்பது அடி கன்டெய்னர். உள்ளே 50 கனமீட்டர் சென்ட்ரிங் பிளை, அதாவது கான்கிரீட் போட அடைக்கிற, பழுப்பு ஃபிலிம் ஒட்டிய பலகை. கனமீட்டர் 320 டாலர், எஃப்.ஓ.பி. விலை. அங்கே கப்பலில் ஏற்றும் வரைக்கும் ஆகும் செலவோடு சரி, அதற்கு மேல் ஆகும் கப்பல் கூலி, சரக்கு வாங்குகிறவர் தலையில். மொத்தம் 16,000 டாலர். சென்னை வரைக்கும் கப்பல் கூலி 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இன்சூரன்ஸ் எவ்வளவு என்று தெரியவில்லை என்றால் எஃப்.ஓ.பி. விலையில் 1.125 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது நம் சுங்க மதிப்பீட்டு விதி. அது 180 டாலர். ஆக 17,180. சரக்கு விலை, இன்சூரன்ஸ், கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த இதுதான் சி.ஐ.எஃப். மதிப்பு. கனமீட்டருக்கு 343 டாலர் 60 சென்ட்.

இப்போது அதே பெட்டி வந்து நிற்கிறது, ஆனால் கப்பலில் இடம் பிடித்துக்கொடுத்த ஃபார்வர்டரிடமிருந்து ஃப்ரெய்ட் சர்டிஃபிகேட், அதாவது கூலிச் சான்று, வரவில்லை. இது அடிக்கடி நடக்கிற கூத்து. சனிக்கிழமை மதியம், திங்கட்கிழமை தாண்டினால் டெமரேஜ் (பெட்டி தேங்கி நிற்பதற்கான கட்டணம்) ஏறும், பார்ட்டி போனில் கத்துகிறார், ஃபார்வர்டர் போனை எடுப்பதில்லை. கூலி இவ்வளவு என்று காட்ட முடியாவிட்டால் விதி என்ன சொல்கிறது? எஃப்.ஓ.பி. விலையில் 20 சதவீதத்தைக் கூலியாகச் சேர். அதாவது 3,200 டாலர். நிஜத்தில் கட்டிய கூலி 1,000தான், ஆனால் பில்லில் ஏறுவது 3,200. மொத்தம் 19,380, கனமீட்டருக்கு 387 டாலர் 60 சென்ட். வரி கொஞ்சம் கூடுதல், டெமரேஜைவிடக் குறைவு, "போட்டுத் தள்ளுங்க" என்று பார்ட்டியே சொல்லிவிடுவார். பலகையில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு காகிதம் வராததால் நாட்டின் இறக்குமதிக் கணக்கில் 2,200 டாலர் கூடிவிட்டது.

இதே பெட்டி சென்னைக்கு வராமல் அமெரிக்காவுக்குப் போயிருந்தால்? அங்கே சுங்க மதிப்பில் கடல் கூலியும் இன்சூரன்ஸும் சேராது. 16,000 டாலர், கனமீட்டருக்கு 320. அவ்வளவுதான். கூலி எத்தனை ஆயிரம் ஆனாலும் இந்த எண் அசையாது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. உலக வணிக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தத்தில் 8ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, கூலியையும் இன்சூரன்ஸையும் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டுவிடுகிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள் சேர்ப்பதில்லை. இந்தியா, ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் சேர்க்கும் கூட்டம். நாம் ஒரு காலத்தில் அதற்கு மேலும் போனோம்: துறைமுகத்தில் இறக்கும் செலவு என்று சொல்லி சி.ஐ.எஃப். மதிப்பின் மேல் இன்னும் 1 சதவீதம் ஏற்றிக்கொண்டிருந்தோம். 2017 செப்டம்பரில்தான் அது எடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய வருஷங்களின் எண்ணையும் பிந்தைய எண்ணையும் பக்கத்தில் வைத்தால் நாமே நம்மோடு ஒப்பிட முடியாதபடிக்கு ஒரு சின்னப் படிக்கட்டு நடுவில் இருக்கும்.

செல்போன் மாதிரிப் பொருளுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது. ஒரு பெட்டி போனின் விலைக்கு முன் கப்பல் கூலி எம்மாத்திரம். பிளைவுட் அப்படியில்லை. இடத்தை அடைக்கும், கனக்கும், விலையோ குறைவு. நாற்பது அடிப் பெட்டியில் இன்னும் இடம் இருக்கும்போதே எடை வரம்பு வந்து நிறுத்திவிடும். அதனால் இந்தப் பொருளில் கூலி என்பது விலையின் பெரிய பங்கு. எந்த இடத்தில் நின்று விலையைப் படித்தார்கள் என்று கேட்காமல் இரண்டு நாட்டு மதிப்பை ஒப்பிட்டால், பாதி நேரம் நாம் ஒப்பிடுவது கடல் தூரத்தைத்தான்.

மற்றச் சில்லறைச் சங்கடங்களையும் சொல்லிவிட்டு நகர்கிறேன். நம் வணிக அமைச்சகத்தின் தளம் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டைத்தான் முதலில் நீட்டும். அமெரிக்கக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர். தம்பி 2021-22ஐயும் 2021ஐயும் ஜோடி சேர்த்திருந்தார், மூன்று மாதம் வழுக்குகிறது. நம் பில்லில் டாலரை ரூபாயாக்குவது சுங்கத்துறை அறிவிக்கும் மாற்று விகிதத்தில், அந்த ரூபாயை மறுபடி டாலராக்கி வெளியிடும்போது வேறொரு சராசரி விகிதத்தில். அமெரிக்கத் தளத்தில் 'பொது இறக்குமதி', 'நுகர்வுக்கான இறக்குமதி' என்று இரண்டு இருக்கிறது. கிடங்கில் போட்டு வைத்த சரக்கை எப்போது கணக்கில் எடுப்பது என்பதில் இரண்டும் வேறுபடும். இவையெல்லாம் சேர்ந்தாலும் அந்தத் தூண்களின் உயர வித்தியாசத்தை விளக்கப் போதாது. ஆனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் மங்கலாக்கும்.

அமெரிக்காவே இரண்டு நாடாக

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியமானது. அமெரிக்கக் கணக்கில் ஒரு வசதி உண்டு. அவர்களுடைய சர்வதேச வணிக ஆணையத்தின் டேட்டாவெப் தளத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் சுங்க மதிப்பு என்று ஒரு வரிசை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் சி.ஐ.எஃப். மதிப்பு என்று இன்னொரு வரிசையையும் கேட்டு வாங்கலாம். வரி விதிப்பது முதல் எண்ணின் மேல்தான். ஆனாலும் இறக்குமதி செய்பவர் கூலியையும் இன்சூரன்ஸையும் தனியாகச் சொல்ல வேண்டும் என்பதால் இரண்டாவது எண்ணும் கிடைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்த மதியத்தில், வியட்நாம் பிளைவுட்டுக்கு அந்த இரண்டு வரிசையையும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

ஒரே நாடு, ஒரே பலகை, ஒரே கனமீட்டர், ஆனால் இரண்டு விலை. 2019இல் இரண்டுக்கும் இடைவெளி அடக்கமாக இருக்கிறது. 2021க்கு வந்தால் இரண்டாவது வரிசை முதல் வரிசையை விட்டு விலகிப் போகிறது. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கொரோனாவுக்குப் பின் கன்டெய்னர் கிடைக்காமல் உலகமே தவித்த வருஷம் அது. கப்பல் கூலியைக் கணக்கெடுக்கும் ட்ரூரி நிறுவனத்தின் உலகக் கன்டெய்னர் குறியீடு, 2021 செப்டம்பரில் நாற்பது அடிப் பெட்டிக்கு 10,000 டாலரைத் தாண்டியது. 50 கனமீட்டர் ஏறும் பெட்டிக்கு 10,000 டாலர் கூலி என்றால் கனமீட்டருக்கு 200 டாலர். பலகை 500 டாலர் என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் 200 டாலர் கடல் உட்கார்ந்திருக்கிறது. எல்லாரும் அந்த விலை கட்டவில்லை, ஒப்பந்தக் கூலியில் ஏற்றியவர்கள் குறைவாகக் கட்டினார்கள். ஆனால் திசை ஒன்றுதான். அந்த வருஷத்தில் சி.ஐ.எஃப். முறையில் எழுதும் நாடுகளின் பிளைவுட் இறக்குமதி மதிப்பு ஏறியதைக் காட்டி 'மரப்பலகைக்குத் தேவை உயர்ந்தது' என்று எழுதிய கட்டுரைகளில் கப்பல் கம்பெனிகளின் வருமானமும் மரத்தின் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

சரி, இப்போது தம்பியின் படத்துக்கு வருவோம். இந்தியாவின் தூண் கூலியோடு சேர்ந்தது, அமெரிக்காவின் தூண் கூலி இல்லாதது. நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் அமெரிக்காவுக்கும் சி.ஐ.எஃப். வரிசையைப் போட வேண்டும். போட்டால் என்ன ஆகும்? ஏற்கெனவே உயரமாக இருந்த தூண் இன்னும் உயரும். முறையைத் திருத்தத் திருத்த வித்தியாசம் கூடிக்கொண்டே போகிறது. 'கணக்கு முறை வேறு தம்பி' என்று சொல்லி முடித்துவிடுகிற வழி அங்கே அடைபட்டது. முறையின் பிழை அத்தனையும் அமெரிக்கத் தூணைக் குட்டையாகக் காட்டும் பக்கத்தில்தான் இருந்தது. அதைச் சரிசெய்த பிறகும் இவ்வளவு பெரிய இடைவெளி மிச்சம் இருக்கிறதென்றால், அது விலையில் மட்டும் இருக்க முடியாது. பெட்டிக்குள் இருப்பதே வேறு.

தேயிலைப் பெட்டியும் பர்ச் முகமும்

இரண்டு நாடும் பிளைவுட்டை 4412 என்ற ஒரே சுங்க வகைப்பாட்டு எண்ணின் கீழ் வைக்கின்றன. முதல் ஆறு இலக்கம் வரைக்கும் உலகத்துக்கே ஒன்று. அதற்குப் பின் அவரவர் ஊர் வழக்கம். அமெரிக்கா முகத்தில் ஒட்டிய மரத்தைப் பார்த்துப் பிரிக்கிறது. பர்ச் மரத்தைக் காகிதம் போல உரித்த மெல்லிய தாள் முகத்தில் இருந்தால் ஒரு எண், அதற்குச் சாதாரண வரி கிடையாது. பெரும்பாலான மற்ற முகங்களுக்கு 8 சதவீதம். நம்முடைய எட்டு இலக்கப் பட்டியலைத் திறந்தால் அலங்காரப் பிளைவுட், தேயிலைப் பெட்டிப் பலகை, கப்பலுக்கும் விமானத்துக்குமான பிளைவுட், வெட்டித் தள்ளிய துண்டுகள், அப்புறம் 'மற்றவை'. தேயிலை காகிதச் சாக்குக்கு மாறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, பட்டியலில் அதன் பெட்டி மட்டும் பத்திரமாக இருக்கிறது. மரப்பெட்டியில் தேயிலை போன காலத்தின் நினைவுச் சின்னம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் அலுவலகம் கையாளும் சென்ட்ரிங் பிளைக்கு அதில் தனி இடமே இல்லை, எல்லாம் 'மற்றவை'யில் போய் விழும். ஆக, அமெரிக்காவின் எந்த வகையையும் நம்முடைய எந்த வகையோடும் நேருக்கு நேர் பொருத்த முடியாது. பொருத்த முடியாததால்தான் எல்லாரும் 4412 என்ற மொத்தத்துக்கே போகிறார்கள். அந்த மொத்தத்தில் அமெரிக்கப் பக்கம் பல அடுக்கு மரத் தரைப்பலகையும் சேர்ந்து கிடக்கிறது. மார்க்கெட்டில் வாங்கிய பையை அப்படியே தராசில் வைத்து 'காய் கிலோ என்ன விலை' என்று கேட்பது மாதிரி.

வியட்நாமிலிருந்து அமெரிக்கா நிறைய வாங்குவது சமையலறை அலமாரிக்கான பலகை. வெள்ளையாய், முடிச்சு இல்லாத பர்ச் முகம் அதற்குப் பிடித்தமானது. அந்த வியாபாரம் முன்பு சீனாவிடம் இருந்தது. 2018 ஜனவரியில் சீன ஹார்ட்வுட் பிளைவுட்டின் மேல் 183.36 சதவீதம் பொருள்குவிப்புத் தடுப்பு வரியும் (நியாயமற்ற மலிவு விலையில் கொண்டுவந்து கொட்டுவதற்கு எதிரான வரி), அதோடு மானிய எதிர்ப்பு வரியும் போட்ட பிறகு வாங்குகிறவர்கள் வியட்நாம், இந்தோனேசியா, கம்போடியா என்று நகர்ந்தார்கள். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அத்தனை பெரிய வரியும் இறக்குமதி மதிப்பில் ஒரு டாலர்கூடத் தெரியாது, ஏனென்றால் மதிப்பு என்பது வரிக்கு முந்தையது. தெரிவதெல்லாம் எந்த நாட்டின் பெயர் ஏறியது, எது இறங்கியது என்பதுதான். அலமாரி முகத்துக்குப் போகும் பர்ச் குளிர்தேசத்து மரம். முகம் வெளியிலிருந்து வர வேண்டும், நடுவில் வைக்கும் யூகலிப்டஸும் வேலமும் உள்ளூர். சீனத்துத் தாள்கள் வியட்நாம் வழியாகச் சுற்றிவருகின்றனவா என்று அமெரிக்க வணிகத் துறை விசாரித்து, 2023 ஜூலையில் சில வகைகள் வரியைச் சுற்றிப்போகும் சரக்குதான் என்று முடிவெடுத்தது. போதாததற்கு அமெரிக்காவுக்குப் போகிற ஹார்ட்வுட் பிளைவுட் எல்லாம், பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைட் வாயு 0.05 பி.பி.எம். அளவுக்குள் இருப்பதாகச் சான்று பெற வேண்டும். அதற்கேற்ற பசை, அதற்கான சோதனை, எல்லாமே காசு. இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த உயரமான தூண்.

நம் பக்கத்துத் தூணில் என்ன இருக்கிறது என்று தம்பியையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மாதவரம் பக்கம் ஒரு சி.எஃப்.எஸ்., அதாவது கன்டெய்னர் கிடங்கு. அவர்களுடைய பெட்டிதான், சுங்கப் பரிசோதனைக்குத் திறந்திருந்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் பலகைக் கட்டு ஒன்றை இறக்கி வைத்ததும் இரும்புப் பட்டையை வெட்டினார்கள். வெயிலில் சூடான பெட்டியிலிருந்து வரும் ஃபீனால் பசை வாசனை, மூக்கைக் கொஞ்சம் குத்தும். பலகையின் முகம் பழுப்பு ஃபிலிமில் வழவழவென்று இருந்தது, ஓரங்களில் தண்ணீர் புகாமல் இருக்கப் பெயின்ட் பூசியிருந்தார்கள். ஒரு மூலையில் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் அடுக்குகள் தெரிந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறிய தாள், நடுவில் விரல்நகம் புகும் அளவுக்கு ஓர் இடைவெளி. தடிப்பை அளக்கும் வெர்னியர் கருவி வைத்து அளந்தோம். இன்வாய்ஸில் 18 எம்.எம். கையில் 17.2. இன்னொரு பலகை 17.3. எட்டுக்கு நாலு அடி, 18 எம்.எம். பலகை ஒன்று 0.0536 கனமீட்டர், அந்தக் கணக்கில்தான் பெட்டிக்கு 50 கனமீட்டர் என்று இன்வாய்ஸ் சொல்கிறது. நிஜத் தடிப்பில் கணக்குப் போட்டால் 48க்கும் கொஞ்சம் கீழே. ஆக, வகுக்கும் எண்ணே நாலு சதவீதத்துக்கு மேல் ஊதியிருக்கிறது, கனமீட்டர் விலை அந்த அளவுக்குக் குறைவாகத் தெரிகிறது. இது ஒரு பெட்டியின் கதை. நாட்டுக் கணக்கில் இப்படி எத்தனை பெட்டி என்று யாரும் அளந்து வைக்கவில்லை.

"அப்போ மிச்சம் மீதின்னு நான் சொன்னது சரிதானே?" என்றார் தம்பி, வெர்னியரைக் கையில் வைத்துக்கொண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தடிப்புக் குறைவைச் சப்ளையரிடம் கேட்க வேண்டியதுதான், கேட்டே ஆக வேண்டும். ஆனால் இந்தப் பலகை சமையலறை அலமாரிக்குப் பிறந்தது இல்லை. இதன் மேல் கான்கிரீட்டைக் கொட்டி, காய்ந்ததும் பிரித்து, மறுபடி அடுத்த மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். சில தளம் தாங்கினால் சென்ட்ரிங் மேஸ்திரி சந்தோஷமாகிவிடுவார். இதற்குப் பர்ச் முகம் ஒட்டினால் வாங்க ஆள் கிடையாது. அமெரிக்காவுக்குப் போகிற நல்ல பலகையின் மட்டமான வடிவம் என்று இதைச் சொல்ல முடியாது, வேலையே வேறு. சப்ளையரிடம் படத்தைக் காட்டிச் சண்டை போடுவதற்குப் பதிலாக, 'அமெரிக்காவுக்கு அனுப்பும் அதே பலகை, 18 எம்.எம்., ஹைபோங் எஃப்.ஓ.பி. என்ன விலை' என்று ஒரு மெயில் போடச் சொன்னேன். விலை வந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இதை இறக்கி யாருகிட்ட விக்கப் போற?" என்று கேட்டாராம். சண்டை அத்தோடு முடிந்தது. தடிப்புக் குறைவுக்கு மட்டும் அடுத்த பெட்டியில் கழித்துக்கொடுத்தார்கள்.

இதற்கிடையில் 2025 பிப்ரவரியிலிருந்து பிளைவுட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வெளிநாட்டு மில்லும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். உரிமம் வாங்கினால்தான் சரக்கு உள்ளே வரும். எந்த மில் உரிமம் வைத்திருக்கிறதோ அதன் சரக்குதான் இனிக் கணக்கில் ஏறும். இந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இந்திய எண்களை ஒரே கோட்டில் போடுவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. அளவு குறைவதும் சராசரி விலை மாறுவதும் மரத்தின் விலையால் இருக்காது, யார் ஆட்டத்தில் இருக்கிறார்கள் என்பதால் இருக்கும்.

4412இல் இல்லாத பிளைவுட்

இப்போது எனக்கும் தம்பிக்கும் நடக்கிற வாதம் வேறு. சராசரி விலையை விட்டுவிட்டார், மொத்த மதிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இந்தியா பிளைவுட் இறக்குவதே சொற்பம், இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது எப்படிப் போதும் என்பது அவர் கேள்வி. பதில் பெரும்பாலும் உள்ளூரில் இருக்கிறது. ஹரியானாவின் யமுனாநகரிலும் கேரளத்தின் பெரும்பாவூரிலும் இருக்கிற மில்கள்தான் நாட்டுக்குப் பலகை போடுகின்றன. வடகிழக்கில் காட்டு மரத்தை நம்பி நடந்த பிளைவுட் தொழில், 1996 டிசம்பர் 12ஆம் தேதி கோதவர்மன் வழக்கில் காட்டு மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தி உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவோடு படுத்துவிட்டது. அதற்கப்புறம் விவசாயி வரப்பில் வைத்த பாப்ளரும் யூகலிப்டஸும், கேரளத்தில் வயதான ரப்பர் மரமும்தான் பலகையின் வயிற்றுக்குள் போகின்றன. ஆனால் முகத்துக்கு மட்டும் வெளிநாடு வேண்டும். முன்பு பர்மாவின் கர்ஜன் மரம் வந்தது. 2014 ஏப்ரலில் மியான்மர் முழுமர ஏற்றுமதியை நிறுத்தியது. ஆப்பிரிக்காவின் காபோன் அதற்கு முன்பே, 2010இல் நிறுத்திவிட்டது. நம்மூர்க்காரர்கள் சிலர் காபோனுக்கே போய், தலைநகர் லிபர்வில்லுக்குப் பக்கத்தில் என்கோக் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் மில் போட்டு, ஒக்கூமே மரத்தைத் தாளாக உரித்து இங்கே அனுப்புகிறார்கள். அந்தத் தாள் 4412இல் வராது. மரத்தாளுக்கான 4408இல் வரும்.

"அப்போ 4408ஐயும் சேர்த்துக் கூட்டினாத்தானே அண்ணா நம்ம நிஜ இறக்குமதி?" என்கிறார். முகத்தாள் 0.3 எம்.எம். இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கனமீட்டர் தாள் சேதாரம் போகாமல் பார்த்தாலே சுமார் 560 பலகைக்கு முன்னும் பின்னும் ஒட்டப் போதும். அந்த 560 பலகையும் 18 எம்.எம். என்றால் 30 கனமீட்டர் பிளைவுட். அதாவது இறக்கியது ஒரு கனமீட்டர், கடையில் விற்பது முப்பது. மீதி 29 கனமீட்டரும் யமுனாநகர் பக்கத்து வயலிலிருந்து வந்தது. இரண்டு எண்ணின் மதிப்பையும் கூட்டினால், முழுப் பலகையையும் வெறும் முகத்தையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டியதாகிவிடும் என்பது என் கட்சி. கூட்டாவிட்டால் காபோனுக்குப் போகிற டாலர் எந்தப் படத்திலும் வராமல் போய்விடும் என்பது அவர் கட்சி. அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எக்செல் தாளில் இப்போதைக்கு 4408ஐத் தனி நிறத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறோம், தூணோடு ஒட்டாமல். அமெரிக்காவும் 4408இல் முகத்தாள் இறக்குகிறது, அதையும் அதே நிறத்தில் போட வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். போடட்டும். எந்த மதிப்பு வரிசையிலிருந்து எடுக்கிறார் என்று மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன்.